குழந்தைக்குத் தனி ஸ்கிரீன் இல்லை

திருப்பூர் மண்ணரையில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு டேபிளோடு கிடந்த பிரிண்டிங் பட்டறையைப் பன்னிரண்டு டேபிள் ஆக்கியவன் நான். இழுத்த பக்கமெல்லாம் இழுபடும் பனியன் துணியில், மெஷின் இல்லாமல், வெறும் கையால் ஏழு கலரை ஒன்றோடொன்று பிசகாமல் உட்கார வைத்தவன் நான். அது நடக்காது என்று சொன்ன டிப்ளமோ படித்தவரை அதே டேபிள் முன்னால் நிற்க வைத்து நடத்திக் காட்டினேன். தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு ஓட்டுவில்லை வீட்டில் பிறந்து, நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்தவன், மூன்று பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நம் கோயிலில் வருஷா வருஷம் நிற்கிறதே கிறிஸ்துமஸ் குடில், அதற்கு முதல் மூங்கிலை ஊன்றியதும் நான்தான். அப்போது கோயில் ஆண்டு மலர்க் குழுவில் இன்று இருப்பவர்கள் பலருக்கு மீசை முளைக்கவில்லை.

இதையெல்லாம் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

போன வருஷக் கோயில் மலரில் ‘மீட்பர் பிறப்பின் பொருள்’ என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நம் பங்குச் சாமியார். அதில் ஒரு பனியன் கம்பெனி கதை வருகிறது. அன்னிய நாட்டுக்காரன் கிறிஸ்துமஸ் படத்திலிருந்து குழந்தை இயேசுவை எடுக்கச் சொன்னானாம். பக்தியுள்ள ஒரு தொழிலாளி மறுத்தானாம். வேலை போனாலும் போகட்டும் என்று குழந்தையின் முகத்தை அச்சடித்தே தீர்த்தானாம். அவன் மனைவி நிறைமாத கர்ப்பிணியாம். படித்துவிட்டு என் மூத்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மலரை மடித்துப் பரணில் போட்டேன்.

அது எங்கள் பட்டறையில் நடந்தது. அந்தக் கதையில் வராத ஒரே ஆள் நான். இந்த வருஷ மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் ஐயா என்று இளைஞர் மன்றத்தார் வீடு தேடி வந்து கேட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொழில் கற்றதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் மூன்று வருஷம் ஸ்கிரீன் கழுவினேன். அடுத்த நாலு வருஷம் ஸ்கிரீன் பிடித்தேன். பிறகு மாஸ்டர் ஆனேன். அவ்வளவுதான். கற்றுக் கொடுத்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. திட்டியவர்கள் உண்டு.

எங்கள் மேனேஜர் கந்தசாமி அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். “ஏனுங்க மாஸ்டர், டீ ஆச்சுங்களா?” என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். “மாஸ்டருங்க, கொஞ்சம் இப்படி வாறீங்களாங்க?” என்றால் எங்கோ சாயம் வழிந்திருக்கிறது. “தங்களுக்குச் சிரமம் இல்லீன்னாங்க, அந்தப் பீஸைக் கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க” என்றால் எவனோ ஒருவன் மறுநாள் வேலைக்கு வரப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், எவ்வளவு நல்ல மனுசர் என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடி மாதத்தில் வரும். வெளிநாட்டுக் கடையில் டிசம்பரில் தொங்க வேண்டிய உடுப்பு இங்கே ஆடிக்காற்றில் பறந்துகொண்டிருக்கும். அந்த ஆடியில் வந்தது கைக்குழந்தைகள் போடும் உடுப்பு ஆர்டர். நெஞ்சில் குடில் படம். மாட்டுக் கொட்டில், மாடு, கழுதை, இரண்டு ஆடு, ஆடு மேய்ப்பவன், மாதா, சூசையப்பர், மேலே நட்சத்திரம், நடுவில் வைக்கோல் மேல் குழந்தை. ஏழு கலர். சாம்பிள் அடித்துக் கொடுத்தேன். வெளிநாட்டில் பார்த்துவிட்டு மெஷினில் அடித்ததா என்று கேட்டார்களாம். இதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான டேபிள் மேல் வெட்டிய துணிகளை வரிசையாகப் பசை போட்டு ஒட்டுவோம். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. படத்தில் அந்தக் கலர் எங்கெல்லாம் வருமோ அங்கே மட்டும் வலை திறந்திருக்கும். மற்ற இடம் அடைத்திருக்கும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, துணி துணியாக ஸ்கிரீனை வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை இழுத்துக்கொண்டே டேபிளின் கடைசி வரை போவார்கள். ஒரு கலர் போய் முடிந்ததும் அடுத்த கலர். இப்படி ஏழு நடை. ஒரு நடையில் ஒரு நூல் பிசகினாலும் மாதாவின் கண் கழுதைக்குப் போய்விடும்.

வேலை தொடங்க ஸ்கிரீன் எல்லாம் தயாராக நின்ற காலையில் கந்தசாமி அண்ணன் வந்தார். கையில் ஒரு தாள்.

“ஏனுங்க மாஸ்டர், உங்க சாமி பொறந்த நாளுக்கு உங்க சாமியே வேண்டாமுங்களாமா.”

“என்னங்ணா சொல்றீங்க?”

“மெயில் வந்திருக்குதுங்க. மாடு இருக்கலாமாம், கழுதை இருக்கலாமாம், நச்சத்திரம் இருக்கலாமாம். கொழந்தை மட்டும் இருக்கப்படாதாமுங்க. எல்லா மதத்துக்காரரும் வாங்கோணுமாமுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மொட்டைக்குப் பத்திரிகை அடித்து, சொந்தம் சுற்றமெல்லாம் கூட்டி, கிடா வெட்டி, மொட்டை போட வேண்டிய பிள்ளையை மட்டும் ஊரில் விட்டுவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

“அதுக்கென்னங்க, கொழந்தை ஸ்கிரீனை மட்டும் ஓட்டாம உட்ருங்க. ஆறு கலரோட முடிஞ்சுது,” என்றார்.

“கொழந்தைக்குத் தனி ஸ்கிரீன் இல்லீங்ணா.”

“அதெப்படீங்க?”

ஒவ்வொரு ஸ்கிரீனாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். குழந்தையின் தோல், ஆடு மேய்ப்பவன் தோல், மாதாவின் கை, சூசையப்பரின் கால் எல்லாம் ஒரே ஸ்கிரீன். குழந்தையைச் சுற்றிய துணி, ஆட்டின் வெள்ளையோடு இருந்தது. தலைமுடி மாட்டோடு இருந்தது. கண்ணும் வாயும் கழுதையின் கருப்புக் கோட்டோடு இருந்தன. அதற்கென்று சொந்தமாக ஒரு சொட்டுச் சாயம் கிடையாது.

கந்தசாமி அண்ணன் வலை வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வாரா வாரம் பழனிக்குப் போகிறவர். எங்கள் சாமியைப் பற்றி அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

“அப்ப உங்க சாமிக்குன்னு தனியா ஒரு கலர் இல்லீங்களா?” என்றார். கிண்டலாகத்தான் கேட்டார்.

“இல்லீங்ணா. ஆடு மேய்க்கறவன் கலர்தானுங்க. எடுக்கோணும்னா எல்லாத்து ஸ்கிரீன்லயும் கை வெக்கோணும்.”

நான் தொழில் பற்றித்தான் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. நம் சாமியார் ரோமாபுரியில் ஏழு வருஷம் படித்தவர். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ‘மனுவுருவெடுத்தல்’ என்று ஒரு சொல்லை முக்கால் மணி நேரம் பிரசங்கிப்பார். பெண்கள் பிரியாணிக்கு அரிசி ஊற வைத்ததை நினைத்துக்கொண்டிருப்பார்கள். கடவுள் மனுசனுக்குள் தனியாக மினுங்கிக்கொண்டு நிற்கவில்லை, நம் சாயத்தையே பூசிக்கொண்டு வந்தார், அவரை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்க முடியாது. இதைத்தான் அவர் முக்கால் மணி நேரம் சொல்கிறார். நான் ஸ்கிரீனைத் தூக்கிக் காட்டி ஒரு வாக்கியத்தில் முடித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் கோயில் குடிலில் வைக்கிற குழந்தைச் சுரூபத்தைப் போய்ப் பாருங்கள். ஆடு மேய்ப்பவன் மண் நிறம். சூசையப்பர் மர நிறம். குழந்தை மட்டும் பளபளவென்று ரோஸ். மாட்டை விடப் பெரிது வேறு. சீரியல் பல்பு, தெர்மாகோல் மலை, மலை மேல் பொம்மை விமானம் என்று ஏகப்பட்ட செலவு. வெளிநாட்டுக்காரன் நம்மிடம் வந்து கேட்டிருந்தால் குழந்தையை ஒரே நொடியில் தூக்கிக் கொடுத்திருக்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். குழந்தை வரும் இடத்தை மட்டும், குழந்தையின் உருவத்துக்கே வெட்டிய பழுப்பு டேப்பால் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் அடைத்தேன். ஒரு துணி அடித்துப் பார்த்தால், வைக்கோல் நடுவில் குழந்தையின் வடிவத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை. இருந்தபோது மாடு கழுதையோடு ஒன்றாகக் கிடந்தவர், எடுத்த பிறகு பளிச்சென்று தெரிந்தார். கந்தசாமி அண்ணன், “முன்னைக்கு இப்பத்தானுங்க நல்லாத் தெரியறாரு,” என்றார். மஞ்சள் ஸ்கிரீனைப் புதிதாகப் போட்டு, ஓட்டையை வைக்கோலால் நிரப்பினேன். வேலை ஓடத் தொடங்கியது.

தோல் கலர் ஸ்கிரீன் பிடித்தவன் மிக்கேல். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். ரப்பர் கட்டையை இழுக்கிற இழுப்புக்குத் தாளம் சேர்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டே இருப்பான். நம் கோயில் ஜெபக் கூட்டத்தில் முன்வரிசை. அவன் மனைவி செல்வி அதே கம்பெனியில் பீஸ் செக்கிங். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும்.

மத்தியானம் காற்று அதிகமாகி, வலையில் சாயம் காய்ந்து அடைத்துக்கொண்டது. தோல் கலர் ஸ்கிரீனைக் கழுவ வேண்டும். “நீ இரப்பா, நான் கழுவறேன், நீ கழுவினா வலை கிழிஞ்சிரும்,” என்று மிக்கேலிடமிருந்து வாங்கிக்கொண்டு போனேன். தண்ணீர் அடித்தால் டேப் கழன்றுவிடும். கழுவிக் காய வைத்து மறுபடியும் ஒட்ட வேண்டும். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்.

அந்த நேரம் பார்த்து, ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் சரக்கைச் சரி பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் பூதக்கண்ணாடி. கையால் ஏழு கலர் அடிக்கிற மாஸ்டர் யார் என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். கேட்டால் போதாதா? கழுவிய ஸ்கிரீனைக் காயட்டும் என்று சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். முதல் டேபிளிலிருந்து பன்னிரண்டாவது டேபிள் வரை என் கதையைச் சொன்னேன். டிப்ளமோக்காரர் கதையை இரண்டு தடவை சொன்னேன். அதற்குள் காய்ந்திருந்த ஸ்கிரீனை மிக்கேல் எடுத்துப்போய் இரண்டு டேபிள் முழுக்க ஓட்டிவிட்டான். மாஸ்டர் கழுவி வைத்த ஸ்கிரீன். அதைத் திருப்பிப் பார்க்க அவனுக்கு என்ன அவசியம்?

மற்ற கலரும் போய், சூடு காட்டும் மெஷினுக்குள் போய் வந்த பிறகு செக்கிங்கில் ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் ஓடினோம். வைக்கோலுக்கு அடியில் ஒரு முகம். கண் இல்லை, வாய் இல்லை, கோடு இல்லை. மஞ்சளுக்குள்ளிருந்து தோல் நிறத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் துக்குணூண்டு கை. எடுத்துப் பார்த்த பீஸிலெல்லாம் அதே முகம்.

கந்தசாமி அண்ணன் வந்தார். ஒரு பீஸை எடுத்து மேஜை மேல் நீவி விட்டார்.

“இந்த ஸ்கிரீன் புடிச்சது ஆருங்க?”

“நாந்தான் அண்ணாச்சி,” என்றான் மிக்கேல். அவன் முகத்தில் பயம் இல்லை. பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். “டேப்ப ஆண்டவருல்லா எடுத்திருக்காரு! வேண்டாமுன்னு சொன்னவனுக்கு முகத்தக் காட்டியிருக்காரு பாத்தியளா!”

“அப்படீங்களா. ரொம்பச் சந்தோசமுங்க. தங்களுக்குச் சிரமம் இல்லீன்னாங்க, நாளையில இருந்து அவருகிட்டயே வேலைக்குப் போயிக்கோங்க. ரூமையும் சவுகரியப்பட்டப்போ காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க.”

கழுவியது நான், ஒட்ட மறந்தது நான் என்று அப்போதே தெரியும். ஆனால் வாய் வரவில்லை. பெங்களூர்க்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் பிசகவே மாட்டார் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். சொன்னது யார் என்றால், நான்தான்.

மிக்கேல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டிபன் பாக்ஸை எடுக்கப் போனான். செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

“ஏ, இங்க பாரும். பிள்ளையள இப்பத்தான் இங்கன பள்ளிக்கூடத்துல சேத்திருக்கு. மூத்தவன் ஆறாப்பு. டேப்ப எடுக்க வந்த உம்ம ஆண்டவருகிட்ட அதையும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

அவன் பாட்டு நின்றது. அப்போதுதான் அவன் முகத்தில் பயம் வந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“அண்ணா, அவன் இல்லீங்க,” என்றேன். “ஸ்கிரீனைக் கழுவினது நானுங்க. டேப் ஒட்ட மறந்துபோட்டேன்.”

கந்தசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேச்சில் ‘ங்க’ இல்லை.

“பொய் சொல்லாத ஆரோக்கியம். உங்க கோயில் ஆளுன்னு காப்பாத்தப் பாக்கற. நீயாவது, மறக்கறதாவது!”

“நெசமா நான்தானுங்க.”

“சும்மா இரு.”

பாருங்கள் வேடிக்கையை. முப்பது வருஷம் நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்தை அந்த மனுசன் ஒரு சொல் விடாமல் நம்பியிருக்கிறார். மிக்கேலும் நம்பவில்லை. “அண்ணாச்சி எனக்காக ஏன் பழிய ஏத்துக்கிடுதிய?” என்று அழ ஆரம்பித்துவிட்டான். நான் செய்த தவறை நான்தான் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை எனக்கு. ஸ்கிரீன் கழுவும் தொட்டிக்குப் போனேன். தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். கலங்கிய தண்ணீர், அடியில் சாயச் சேறு. தொட்டியின் ஓரத்தில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது அந்த டேப். குழந்தையின் உருவத்துக்கு வெட்டிய டேப். தலை ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கை. அதைக் கொண்டுவந்து, முகம் விழுந்த பீஸின் மேல் எல்லோர் முன்னாலும் வைத்தேன். நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

பெங்களூர்க்காரர் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“இப்ப நம்பறீங்களாங்ணா?”

“நம்பறனுங்க,” என்றார் கந்தசாமி அண்ணன். “போயி வேலையப் பாருங்க மிக்கேலு. மாஸ்டருங்க, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.” ‘ங்க’ அளவோடு இருந்தது. பிழைத்தேன்.

வழி சொன்னேன். சூடு காட்டிய சாயம் போகாது. அதனால் கெட்டியான மஞ்சள் ரப்பர்ச் சாயத்தில் வைக்கோல் மட்டும் அடிக்கிற சின்ன ஸ்கிரீன் ஒன்று செய்தேன். முகம் விழுந்த பீஸ் ஒவ்வொன்றையும் என் கையாலேயே மூடினேன். உதவிக்கு வந்தவர்களைத் தொட விடவில்லை. வைக்கோல் கொஞ்சம் மேடாக, தொட்டால் தெரிகிற மாதிரி நின்றது. பெங்களூர்க்காரர் மறுநாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது அழகாக இருக்கிறதே, எல்லாப் பீஸிலும் இப்படியே போடுங்கள் என்றார். போட்டோம். ஆக, எந்தப் பீஸில் வைக்கோலுக்கு அடியில் முகம் இருக்கிறது, எதில் இல்லை என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் எனக்கும் தெரியாமல் போனது. கப்பல் ஏறிவிட்டது.

பிறகு என்ன நடந்தது? மிக்கேல் ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொன்னான். முதல் தடவை சொன்னபோது மாஸ்டர் இருந்தார், தொட்டி இருந்தது, டேப் இருந்தது. வருஷத்துக்கு ஒன்றாக எல்லாம் கழன்றது. பிரசங்கத்தில் ஏறியபோது நான் இல்லை. மலரில் அச்சானபோது செல்வி கர்ப்பிணியாகிவிட்டாள். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட பெண், அவள் படித்தால் சண்டைக்கு வருவாள். போதாததற்கு, ‘இறைவனுக்கென்று தனி வண்ணம் இல்லை’ என்று கட்டுரையின் கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி. கீழே சாமியார் பெயர்.

சாமியாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். “பெரியவரே, உங்கள் தவறு என்று எழுதினால் உங்களுக்குத்தானே அவமானம்? உங்கள் நன்மைக்காகத்தான் விட்டேன்,” என்றார். அன்றைக்குக் கந்தசாமி அண்ணன் நம்பவில்லை. இன்றைக்குச் சாமியார் நம்பியும் எழுதவில்லை.

எனக்கு நன்மை செய்ய வேண்டாம். அந்தக் கதையில் தவறு செய்தவன் ஒருவனும் இல்லை. பக்தன் இருக்கிறான், சாட்சி இருக்கிறது, அற்புதம் இருக்கிறது. எல்லோரும் இத்தனை நல்லவர்களாக இருக்கிற ஊருக்கு மீட்பர் எதற்குப் பிறக்க வேண்டும்? பெருமை பேசப் போய் டேப் ஒட்ட மறந்த ஒருவன், வாயை மூடிக்கொண்டு இன்னொருவன் குடும்பம் தெருவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் அங்கே நின்றான். அவர் பிறந்தது அவனுக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் நடுவில் என் உருவத்தில் ஓட்டைதான் தெரியும்.

ஆகவே மலர்க் குழுவினருக்கு என் கோரிக்கை. இந்த வருஷ மலரில் திருத்தம் போடுங்கள். உங்கள் சாமிக்கென்று தனிக் கலர் இல்லையா என்று கேட்டவர் மேனேஜர் கந்தசாமி. இல்லை என்று பதில் சொன்னவர் பிரிண்டிங் மாஸ்டர் ஆரோக்கியசாமி. பாட்டுப் பாடியவர் மிக்கேல். நியாயம் கேட்டவர் செல்வி. ஸ்கிரீனைக் கழுவிவிட்டு டேப் ஒட்ட மறந்தவர், அதே ஆரோக்கியசாமி. பதிலுக்கு ஒரு தடவை, தவறுக்கு ஒரு தடவை, என் பெயர் இரண்டு இடத்திலும் வர வேண்டும். இடம் பற்றாது என்றால் முதலாவதை விட்டுவிடுங்கள்.